எழுத்து ஆடுகிறது என்றாள் மகள்

ஐந்தாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில்தான் மகள் அதைச் சொன்னாள்: "கொஞ்ச நேரம் படித்தால் எழுத்தெல்லாம் ஆடுகிறது அம்மா." இரண்டு வருடமாக நாங்கள் கேட்டுவந்தது வேறு. கவனம் இல்லை என்றது பள்ளி. வீட்டில் புத்தகத்தை எடுத்தாலே தலைவலி, சிடுசிடுப்பு, அழுகை. சோம்பல் என்று நினைத்து நான் அடித்தும் இருக்கிறேன். இதை எழுதும்போதும் நெஞ்சு கனக்கிறது.

முதலில் போன இடத்தில், பார்வை 6/6, கண்ணாடி வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். தூரத்துப் பலகையை மட்டும் படிக்கச் சொன்னால் இந்தக் குறை பிடிபடாது. அடுத்துப் பார்த்த ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பார்வையைச் சோதிக்கும் நிபுணர்) ஒரு பேனா முனையை மெல்ல மூக்கருகே கொண்டுவந்தார். 6 செ.மீ. வரையாவது இரு கண்களும் சேர்ந்து பார்க்க வேண்டும். இவளுக்கோ 14 செ.மீட்டரிலேயே ஒரு கண் விலகிப்போய், முனை இரண்டாகத் தெரிந்தது. கன்வர்ஜென்ஸ் இன்சஃபிஷியன்சி என்றார். கிட்டத்தில் பார்க்கும்போது கண்கள் உள்நோக்கித் திரும்பி நிலைக்காத குறை அது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், நூற்றுக்குச் சுமார் பதினேழு பேருக்கு இது இருந்திருக்கிறது!

வீட்டிலேயே பென்சிலை வைத்துப் பழக்கினால் போதாதா என்று கேட்டேன். அமெரிக்காவில் 221 பிள்ளைகளிடம் நடந்த, 2008இல் வெளியான ஆய்வைச் சொன்னார். நேரில் பயிற்சி பெற்றவர்களில் 73 சதவீதம் பேர் தேறினார்கள். வீட்டுப் பென்சில் பயிற்சியில் 43 சதவீதம்தான்.

12 வாரப் பயிற்சி, வாரம் ஒரு நாள் அங்கே. மற்ற நாள்களில் வீட்டில் கால் மணி நேரம். மூன்று மணிகள் கோத்த கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மூக்கு நுனியில் பிடிக்க வேண்டும். ஒரு மணியை உற்றுப் பார்த்தால் கயிறு இரண்டாகி, அந்த மணியில் வெட்டிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரம் தலைவலி கூடியது. கயிற்றை வீசி எறிந்தாள். மூன்றாவது வாரம் ஒரு மாலை, "பெருக்கல் குறி தெரிகிறது!" என்று கத்தினாள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

முடிவில், பேனா முனை இரண்டாகும் தூரம் 5 செ.மீட்டருக்கு வந்தது. அதற்கு முன்பே மாறியது அவள் முகம். மாலைச் சண்டைகள் குறைந்தன. தலைவலி என்ற பேச்சே இல்லை. கவனம் அப்படி மாறவில்லை. கணக்கு நடுவே இன்னும் எழுந்து போய்விடுகிறாள். பயிற்சியால் எல்லாம் மாறிவிடாது என்று பயிற்சியாளர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்: 300க்கும் அதிகமான பிள்ளைகளிடம் பின்னர் நடந்த ஆய்வில், இந்தப் பயிற்சி வாசித்துப் புரிந்துகொள்வதைப் போலிப் பயிற்சியைவிட (ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் பெயரளவுப் பயிற்சி) கூட்டவில்லை. கண் பயிற்சி கவனக்குறைவுக்கு மருந்து என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

அடுத்த மாதம் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். கண் பரிசோதனை அறிக்கைகளையும் எடுத்துப்போகிறேன்.