தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு டார்பிடோ படகு

இலங்கை மலையகத்து ஹட்டனுக்கு வந்த புதிதில் எனக்கு இரவில் தூக்கம் வராது. குளிரைக் கம்பளி பார்த்துக்கொண்டது. கடல் இரையாத ராத்திரியைத்தான் தாங்க முடியவில்லை. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். இங்கே ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம், அதற்குக் கீழே தேயிலை, அதற்கும் கீழே எங்கோ ஓர் ஓடை.

2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சில மாதங்கள் பயணிகள் கப்பல் ஓடியதே, அதில்தான் வந்தேன். என் கணவரின் சித்தி குடும்பம், இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குப் போனது. அவர்கள் மூலமாக வந்த சம்பந்தம் இது. அவர்கள் அழுதுகொண்டே போன வழியில் நான் திரும்பி வந்தேன் என்று மாமி சொல்வார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே மாமி சந்தைக்குப் போய்க் கருவாடு வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். "கடக்கரைப் புள்ள, வாசமாவது இருக்கட்டும்" என்றார். அந்தப் பொட்டலத்தில் பாதி ஊர் வந்து சேர்ந்துவிட்டது. விசா, வங்கிக் கணக்கு, கடையில் ரொட்டியைப் 'பாண்' என்று கேட்கப் பழகியது எல்லாம் போகப் போகச் சரியாகிவிட்டது. மீதிப் பாதி ஊர் வர மூன்று வருடம் ஆனது. அது படகில் வந்தது.

என் அப்பா ஓடாவி, தோணி கட்டியவர். ஏரா என்ற அடிமரம் வைத்து, வங்கு என்ற விலாக்கட்டை நிறுத்தி, பலகை அடைத்து, இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்கும் வேலை. அவருடைய உளிப்பெட்டி மூடியின் உள்பக்கத்தில், சாமி படத்துக்கு அருகே ஒரு பத்திரிகைப் படம் ஒட்டியிருக்கும். அணியத்தை, அதாவது முன்மூக்கை, தூக்கிக்கொண்டு பாயும் அமெரிக்க டார்பிடோ படகு. பி.டி. படகு என்பார்கள். டார்பிடோ என்பது தண்ணீருக்குள் ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் குண்டு. "மரந்தான் புள்ள இதுவும்" என்பார். அவர் கட்டிய தோணி காற்றை நம்பி மெல்லப் போவது. அதே மரத்தில் கட்டியதை 40 நாட், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடவைத்தார்களே, எப்படி என்று அவருக்குத் தீராத ஆசை. அந்த ஆசையை நான் சீதனமாகக் கொண்டுவந்தேன்.

பி.டி. படகு என்றால் பிளைவுட் படகு என்று பலர் எழுதிவிடுகிறார்கள். எனக்கு மனசு பொறுக்காது. எல்கோ நிறுவனம் கட்டிய 80 அடிப் படகின் உடல் மகோகனிப் பலகை. இரண்டு அடுக்கு, ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்த்து அடித்தது, நடுவே பசை தோய்த்த கித்தான். இதன் அழகு தச்சு வேலை பார்த்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிபடும். உள்ளே மூன்று பேக்கார்ட் பெட்ரோல் எஞ்சின்கள். சாதாரணக் கப்பல் தண்ணீரை உழுதுகொண்டுதான் போகும். வேகம் கூடக் கூட, தான் எழுப்பிய அலையே மேடாகி மறிக்கும். இந்தப் படகுகளுக்கு அடிப்பக்கம் தட்டை, ஓரம் கூர்மை. போதுமான விசை கிடைத்ததும் உடல் எழும்பித் தண்ணீரின் முதுகில் வழுக்கத் தொடங்கும். குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்துவது போல. அந்த எழும்பும் கணம் இருக்கிறதே, அதற்காகத்தான் எங்களைப் போன்றவர்கள் இதன்மேல் பைத்தியமாக இருக்கிறோம்.

இன்னொன்று, சின்னது பெரியதை எதிர்க்கும் துணிச்சல். 1919 ஜூன் 17 அன்று ரஷ்யாவின் கிரான்ஸ்டாட் கடற்படைத் தளத்தருகே அகஸ்டஸ் ஏகார் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 40 அடிப் படகில் போய், 6,000 டன்னுக்கு மேற்பட்ட ஒலெக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தார். படகில் மூன்று பேர், ஒரே டார்பிடோ. அதை முன்னால் விட முடியாது. பின்பக்கத்துத் தொட்டியிலிருந்து வால் முந்தித் தண்ணீரில் நழுவும். பிறகு படகு போகும் அதே திசையில் படகைத் துரத்திக்கொண்டு வரும். ஓட்டுபவர் சட்டென்று ஒதுங்கி அதற்கு வழிவிட வேண்டும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

அப்பாவுக்குப் பிடித்தது, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான கென்னடியின் கதை. 1943 ஆகஸ்ட் 2 அதிகாலை இருட்டில், சாலமன் தீவுகளுக்கு நடுவே அமாகிரி என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் அவர் தலைமையிலிருந்த பி.டி. 109 மேல் ஏறி அதைப் பிளந்துவிட்டது. 13 பேரில் 11 பேர் பிழைத்தார்கள். கென்னடி தேங்காய் ஓட்டில் செய்தி செதுக்கிக் கொடுக்க, தீவுவாசிகள் இருவர் அதை வள்ளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த ஓடு பின்னாளில் ஜனாதிபதியின் மேசைமேல் இருந்தது. "கடைசியில் காப்பாத்தினது தேங்காயும் தோணியுந்தான்" என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

அப்பா இறந்த வருடம் ஊரிலிருந்து அவருடைய உளிகளில் நான்கை எடுத்துவந்தேன். மாமி வீட்டில் கம்பளி போட்டு வைக்கும் பழைய தேயிலைப் பெட்டி ஒன்று இருந்தது. தேயிலை காகிதச் சாக்கில் போகத் தொடங்குவதற்கு முந்திய காலத்துப் பிளைவுட் பெட்டி, விளிம்பில் தகரம் அடித்தது. மூடிக்குள் மூக்கை வைத்தால் இன்னும் தேயிலை மணக்கும். மாமியே ஆணி கழற்றித் தந்தார். பலகையைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, குசினி அடுப்புச் சூட்டில் வளைத்து, முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் 76 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பி.டி. படகு கட்டினேன். மோட்டாரும் பற்றரியும் ரிமோட்டும் கொழும்பில் வாங்கியவை.

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் அதை முதலில் விட்டபோது மூக்கைக் குத்திக்கொண்டு ஓடியது. எவ்வளவு விசை கொடுத்தும் எழும்பவில்லை. ஆனாலும் தண்ணீர் கிழிபடும் அந்தச் சத்தம் போதுமாக இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

எங்கள் மேல்வீட்டில் அப்போது முல்லைத்தீவிலிருந்து வந்த ஓர் ஆசிரியை வாடகைக்கு இருந்தாள். திண்ணையில் படகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படி இறங்கி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது டோராவோ?"

இல்லை, இது அமெரிக்கப் படகு, பழையது என்று அவசரமாகச் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. "அந்தச் சத்தம் கேட்டா அப்பா வலையை வெட்டிப்போட்டு வந்திடுவார். ஒரு கிழமை சாப்பாடு அந்த வலை" என்றாள்.

டோரா எனக்குத் தெரியாததல்ல. இஸ்ரேலில் வடிவமைத்த டுவோரா என்ற விரைவு ரோந்துப் படகு. ஹீப்ரூவில் தேனீ என்று பொருள். இலங்கைக் கடற்படை போர்க்காலத்தில் ஓட்டியது. நீளம், வேகம் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவளுக்குத் தெரிந்தது அதன் சத்தம். இத்தனை வருடமும் நான் இந்தப் படகுகளை மேல்தளத்தில் நின்று பார்த்திருக்கிறேன், சின்னது பெரியதை எதிர்ப்பதாக. வள்ளத்தில் இருப்பவருக்கு இதுதான் பெரியது. இது என் புத்திக்கு எட்டாமலே போயிருக்கிறது. படகைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

சித்திரைப் புதுவருட விடுமுறைக்கு அவளுடைய அப்பா வந்தார். குளிருக்குத் தலையில் துவாய் கட்டிய மெலிந்த மனிதர். மகள் சொல்லியிருக்க வேண்டும். தேத்தண்ணி குடித்துவிட்டு, "பிள்ளை, அந்தப் படகை ஒருக்கா காட்டுங்கோ" என்றார்.

எனக்குக் கை நடுங்கியது. வாங்கி மடியில் கவிழ்த்துப் போட்டார். பீரங்கியையோ டார்பிடோவையோ பார்க்கவில்லை. கட்டைவிரலை அடிப்பலகை ஓரத்தில் வைத்து, அணியத்திலிருந்து பின்பக்கம் வரை மெல்ல இழுத்துக்கொண்டு போனார். என் அப்பா அப்படித்தான் பார்ப்பார்.

"அணியம் பாரம். பற்றரியைப் பின்னுக்குத் தள்ளி வையுங்கோ."

இந்த மலையில் எவர் வாயிலும் நான் கேட்டிராத சொல், அணியம். பற்றரியை நான்கு விரல்கடை பின்னால் நகர்த்தினேன். மாலையில் மூவருமாக காசல்ரீக்குப் போனோம். மழை விட்டிருந்தது. விசையைக் கூட்டியதும் படகு இரண்டு மூச்சு தயங்கியது. பிறகு மூக்கைத் தூக்கி எழும்பி, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தது. பின்னால் வெள்ளைக் கோடு.

அவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டம் எண்டா இதுதான் ஓட்டம், பிள்ளை. எங்களைத் துரத்தாட்டி நிண்டு பாத்திருப்பம்" என்றார்.

மகள் எதுவும் சொல்லாமல் அவர் தோள்துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பற்றரி தீர்ந்து படகு கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்றுவிட்டது. குச்சி தேடிக்கொண்டு நான் திரும்பிப் பார்ப்பதற்குள், அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியிருந்தார்.