கரண்டு போயிடுச்சா தம்பி?

“ஆமாம் வாத்தியாரே, போயிடுச்சு.”

நான் சொன்னது இவ்வளவுதான். யோசித்துச் சொல்லவில்லை. கேட்ட வேகத்திலேயே வாயிலிருந்து வந்துவிட்டது. எட்டு வருஷமாக இந்த மூன்று வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கரண்டு போகவில்லை. விளக்கை அணைத்தது நான். டிம்மர் போர்டில் எல்லா விளக்கையும் ஒன்றாகக் கட்டுப்படுத்துகிற மாஸ்டர் பிடியைக் கீழே இறக்கியது என் விரல்தான். அது அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நாடகம் கர்ணனைப் பற்றியது. நாங்கள் எல்லாரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், மாலையில் ஒத்திகை, யாருக்கும் சம்பளம் கிடையாது. கடைசிப் பகுதிக்கு மட்டும் கூத்திலிருந்து ஒருவரை அழைத்து வர வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதமாக இருந்தார். அதில் புதுமை ஒன்றும் இல்லை. 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கிய காலத்திலிருந்தே நவீன நாடகக்காரர்கள் கூத்துக்குப் பேர்போன புரிசைப் பக்கம் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் வாத்தியார் புரிசைக்காரர் இல்லை. செய்யாறு பக்கம் ஒரு சின்ன ஊர், சொந்தமாக ஒரு ஜமா, அதாவது கூத்துக் குழு. பங்குனி பிறந்துவிட்டால் ஆடி வரைக்கும் அவரைப் பிடிக்க முடியாது. திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியெல்லாம் கூத்து என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். எங்களுக்குக் கார்த்திகையில் கிடைத்தார். மத்தளம், நாதஸ்வரம் மாதிரி ஊதுகிற முகவீணை, ஆர்மோனியம் என்று மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

முதல் நாளே எனக்கும் அவருக்கும் உரசல். அவருடைய கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. தூக்கிப் பார்த்தால் நினைத்ததைவிட லேசாக இருக்கும். மேலே ஜிகினாத் தாள், அதற்கு நடுவில் கட்டைவிரல் நகமளவுக் கண்ணாடித் துண்டுகள், நெருக்க நெருக்கமாக. நான் பதினெட்டு விளக்கு போட்டு வைத்திருந்தேன். அவர் ஒரு கிறுக்கி அடித்துச் சுழன்றதும் அத்தனை கண்ணாடியும் வெளிச்சத்தை வாங்கிப் பார்வையாளர் முகத்திலும் பின்திரையிலும் பொட்டுப் பொட்டாக வாரி இறைத்தது. என் டிசைன் காலி. “சோப்பைத் தடவிக் கொஞ்சம் மங்க வச்சுக்கலாமா வாத்தியாரே?” என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “இது தீவட்டிக்குச் செஞ்சது தம்பி. ஒரு வெளிச்சத்தை நூறாக்கிக் காட்டும். நீங்க விளக்கை ரொம்ப வச்சிருக்கீங்க, அதான் தொல்லையாத் தெரியுது” என்றார்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். மறுநாள் பதினெட்டை நான்காகக் குறைத்தேன். பக்கவாட்டில் இரண்டு, முன்னால் தாழ்வாக ஒன்று, உச்சியில் ஒன்று. அவர் சுழன்றால் மேற்கூரை முழுக்க நட்சத்திரம். நான் இதுவரை செய்த வேலையில் அதுதான் ஆக நல்ல வேலை. அதைக் கற்றுக்கொடுத்தது அவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவரை அலட்சியமாக நினைத்ததால் அப்படிச் செய்தேன் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. சரி, யாரும் அப்படிச் சொல்லவில்லைதான். நானாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

உச்சியில் போட்ட அந்த ஒற்றை விளக்குக்கு ஒரு வேலை இருந்தது. தேர்ச்சக்கரத்தடியில் கிடக்கிற கர்ணனிடம் கிருஷ்ணன் கிழப் பிராமணனாக வந்து அவன் செய்த புண்ணியத்தையெல்லாம் தானம் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் தன் உருவத்தைக் காட்டுவானே, அந்தக் கட்டம். எங்கள் நாடகத்தில் கிருஷ்ணனுக்கு ஆள் கிடையாது. கர்ணன் தனியாகப் பாடுவான், பாட்டு முடிகிறபோது மேலேயிருந்து ஒரு வெளிச்சம் ஒன்றரை நிமிஷம் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறும். க்யூ நாற்பத்தேழு. அதுதான் கிருஷ்ணன், அதுதான் மோட்சம். இயக்குநர் விளக்கியதும் வாத்தியார் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “அப்ப கிருஷ்ணர் வேஷம் தம்பிக்கா? சரி, வந்து சேருங்க.”

ஒத்திகை இடைவேளையில் வேறொன்றும் சொல்லியிருந்தார். அவர் பக்கத்தில் கருமாதிக்குக் கர்ண மோட்சம் வைக்கிற வழக்கம் உண்டு. செத்தவர் நல்ல கதி அடைய வேண்டும் என்று ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கும். கர்ணன் போய்ச் சேர்வதற்கும் கிழக்கு வெளுப்பதற்கும் சரியாக இருக்கும்படி வாத்தியார் பார்த்துக்கொள்வார். விடிய நேரமிருந்தால் கர்ணன் மனைவி பொன்னுருவியோடு வாக்குவாதத்தை இழுப்பார், நேரமாகிவிட்டது என்றால் விருத்தத்தில் இரண்டைக் குறைப்பார். “கடியாரம் வானத்துலதான் இருக்குது” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். அவரிடம்தான் நாங்கள் பன்னிரண்டு நிமிஷம் என்று சொல்லியிருந்தோம்.

கூத்திலிருந்து அடவை எடுத்துக்கொண்டோம், தாளத்தை எடுத்துக்கொண்டோம், கதையை நடத்திக்கொண்டு போகிற கட்டியங்காரனை எடுத்துக்கொண்டோம். ஆள் கையில் பிடிக்கிற திரையைக்கூட எடுத்துக்கொண்டோம். அவர்களுடைய நேரத்தை மட்டும் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எங்கே வைப்பது? ஒன்பதரைக்கு அரங்கத்தைப் பூட்ட வேண்டும்.

முதல் நாள் ஏழு மணிக்குத் தொடங்க வேண்டியது. சிறப்பு விருந்தினர் வர இருபத்தைந்து நிமிஷம் தாமதம். அப்புறம் குத்துவிளக்கு, பொன்னாடை, “இரண்டே வார்த்தை.” இந்தக் கணக்கை நான் பலமுறை போட்டிருக்கிறேன். அந்த நாற்பது நிமிஷத்தைத் தின்றது வாத்தியார் இல்லை. ஆனால் நேரத்தை எங்கிருந்து வெட்டுவது என்று வந்தபோது, கடைசியில் நின்றுகொண்டிருந்தவர் அவர்தான். வரிசையில் கடைசியில் நிற்பவனுக்கு சாம்பார் தீர்ந்துபோவது மாதிரி.

ஒத்திகையில் பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்த மனிதர் அன்றைக்கு முடிக்கவில்லை. கூட்டம் உட்கார்ந்த இடத்திலேயே முன்னால் சாய்ந்ததை அவர் மேடையிலிருந்தே பார்த்திருப்பார். ஒரு அடியை மூன்று தடவை எடுத்தார். முகவீணைக்காரர் பிடித்துக்கொண்டார். பதினாறு நிமிஷம், பதினெட்டு நிமிஷம். அரங்கத்து மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை, சாவிக்கொத்தை மட்டும் கையில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். ஒன்பதரையைத் தாண்டினால் கூடுதலாக ஒரு மணி நேர வாடகை, எட்டாயிரம் ரூபாய். எங்கள் கையில் அப்போது இருந்ததெல்லாம் கூத்துக்காரர்கள் நால்வருக்கும் கொடுக்க எடுத்து வைத்திருந்த பணம்தான்.

ஹெட்செட்டில் இயக்குநர் குரல் வந்தது. “முடி.”

“நாற்பத்தேழு இன்னும் வரலையே?”

“மணியைப் பாரு. முடி.”

முடித்தேன். மாஸ்டரை ஐந்து எண்ணுவதற்குள் இறக்கினேன். எரிந்துகொண்டிருந்த மூன்று விளக்கும் போயின, மேற்கூரையில் இருந்த நட்சத்திரங்களும் போயின. அவர் பாட்டின் நடுவில் இருந்தார்.

இயக்குநர் பிற்பாடு, “முடின்னா நாற்பத்தேழைப் போட்டு முடின்னுதானே அர்த்தம்?” என்றார். இருக்கலாம். எனக்கு அப்போது அப்படிக் கேட்கவில்லை. அல்லது எனக்கு வசதியானபடி கேட்டுக்கொண்டேன். ஒன்றரை நிமிஷ க்யூவைப் பத்து விநாடியில் ஏற்றியிருக்கலாம், ஒரு விரல் நகர்த்தல்தான். கிருஷ்ணன் அவசரமாக வந்துவிட்டுப் போனான் என்றாவது இருந்திருக்கும். அந்தச் சாவிச் சத்தத்தில் எனக்கு அது தோன்றவில்லை. தோன்றவில்லை என்று இப்போது எழுதும்போதே சந்தேகமாக இருக்கிறது. தோன்றி, வேண்டாம் என்று விட்டேனோ? என் டிசைனை அரைகுறையாகக் காட்டுவதைவிட இருட்டே மேல் என்று உள்ளுக்குள் ஏதாவது ஓடியிருக்குமோ?

இருட்டில் அவர் பாட்டை நிறுத்தவில்லை. மத்தளம் ஒரு தட்டு தவறி, பிறகு சேர்ந்துகொண்டது. முகவீணை விடவே இல்லை. சலங்கை ஒரே இடத்தில் நின்று லேசாகக் குலுங்கியது, நடுவில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. இரண்டு நிமிஷம் இருக்கும். மேலாளரின் கையில் சாவிக்கொத்தும் சத்தமில்லாமல் இருந்தது. பாட்டை அதன் முடிவில்தான் முடித்தார். கைதட்டல் எழும்பியது. நான் அரங்கத்து விளக்குகளைப் போட்டபோது நடுமேடையில் கையேந்தின மாதிரி நின்றுகொண்டிருந்தார், கண் கூசிக்கொண்டு.

ஒப்பனை அறையில் சுற்றிலும் பல்பு வைத்த பெரிய கண்ணாடி இருந்தது. அவர் அதில் முகம் எழுதியதே இல்லை. மூன்று மணிக்கே வந்து தரையில் உட்கார்ந்து, ரசம் போன ஒரு கைக்கண்ணாடியைத் தொடையில் சாய்த்துக்கொண்டு எழுதுவார். அன்றைக்கும் அதே இடத்தில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரத்தை வழித்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் கர்ணன், ஒரு கன்னம் அவர். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

“கரண்டு போயிடுச்சா தம்பி?”

“ஆமாம் வாத்தியாரே, போயிடுச்சு.”

“ம். எங்க ஊர்லயும் போவும். கரண்டு போனா பாட்டை விடக்கூடாது. விட்டா சனம் எழுந்து போயிடும்.”

சொல்லிவிட்டு அடுத்த கன்னத்தைத் துடைக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

இப்போது பாருங்கள். விளக்கு அணைந்த நேரம் முழுக்க மேடைக்கு எதிரே, கதவுக்கு மேலே, வெளியே போகும் வழி காட்டுகிற சிவப்பு எழுத்து எரிந்துகொண்டுதான் இருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் இருந்தவருக்கு நேராகத் தெரிகிற வெளிச்சம் அது ஒன்றுதான். நாற்பது வருஷம் ராத்திரியில் ஆடியவருக்குக் கரண்டு போன இருட்டுக்கும் அணைத்த இருட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா? தெரிந்தேதான் கேட்டார் என்றால், எதற்குக் கேட்டார்? நான் உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்தாரா, இல்லை, நான் தப்பித்துக்கொள்ள வழிவிட்டாரா? கிராமத்தில் பெரியவர்கள் இப்படிச் செய்வார்கள். திருடின பையனிடம், “காசு கீழ விழுந்து கெடந்துச்சா?” என்று கேட்பார்கள்.

இன்னொரு பக்கம், எனக்கு ஏன் இவ்வளவு ஜோடனை? சிவப்பு எழுத்தைப் பார்த்திருக்கவே மாட்டார், பாட்டில் இருந்தார், கரண்டு போனது என்று நம்பினார், கேட்டார், விட்டுவிட்டார் என்றும் இருக்கலாமே. அப்படியானால் நான் சொன்ன பொய் அவருக்கு நல்லதே செய்தது. “நேரமாச்சு, அதனால அணைச்சிட்டோம்” என்று ஒரு கலைஞனிடம் அந்த நேரத்தில் சொல்வது நியாயமா? மறுநாளும் அவர் ஆட வேண்டுமே. இப்படி எனக்கு நானே சொல்லிப் பார்க்கும்போது சமாதானமாகத்தான் இருக்கிறது. மறுநாளை நினைத்தால் கலைந்துவிடுகிறது.

அதற்கு முன்னால் இதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இருட்டுக்கு நல்ல பேர். ஒரு சிறுபத்திரிகையில் வந்த விமர்சனம் மோட்சத்தை ஒளியாகக் காட்டாமல் இருளாகக் காட்டிய துணிச்சலைப் பாராட்டியது, ஒளியமைப்பாளர் என்று என் பேரையும் போட்டது. அந்தப் பக்கத்தை எடுத்து வைத்திருக்கிறேன், தூக்கிப் போடவில்லை. இயக்குநரோ அன்று ராத்திரியே, “நாளைக்கும் அதையே வச்சுக்கலாமா?” என்று கேட்டார். முடியாது என்றேன். இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். ஆனால் அதற்கும் நான் சொன்ன காரணம் வேறு: இருட்டில் அவர் தடுக்கி விழுந்துவிடுவார் என்றேன்.

மறுநாள் எல்லாம் நேரத்துக்கு நடந்தது. சிறப்பு விருந்தினர் இல்லை, நாற்பது நிமிஷம் கையில் இருந்தது. வாத்தியார் எவ்வளவு வேண்டுமானாலும் பாடலாம் என்று நானே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவரிடம் போய்ச் சொல்லவில்லை. அவர் பதினோராவது நிமிஷத்தில் முடித்துவிட்டார். ஒரு அடியையும் இரண்டாவது தடவை எடுக்கவில்லை. க்யூ நாற்பத்தேழு கச்சிதமாக ஏறியது, ஒன்றரை நிமிஷம், ஒரு நடுக்கம் இல்லை. கீழே அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், வெளிச்சம் கிரீடத்தில் விழுந்து அங்கேயே நின்றது. ஒத்திகையில் அந்த இடத்தில் மேலே அண்ணாந்து பார்ப்பார்.

பிசகே இல்லாத காட்சி. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பணத்தைக் கொடுத்தோம், எண்ணாமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் மத்தள உறையை நான்தான் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கோயம்பேட்டில், செய்யாறு பஸ் கிளம்ப இருபது நிமிஷம் இருந்தது, டீ குடித்தோம். என் சொந்த ஊர், என் சம்பளம், கல்யாணம் ஆகிவிட்டதா என்றெல்லாம் கேட்டார். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் சித்திரையில் போன் செய்கிறார். அவர் ஊர்க் கோயிலில் பத்து நாள் பாரதம், கர்ண மோட்சம் இன்ன தேதி, வந்து பாருங்கள் என்பார். ஒரு வருஷம் அலுவலகத்தில் ஆடிட், ஒரு வருஷம் குழந்தைக்குக் காய்ச்சல், கொரோனா வந்த இரண்டு வருஷம் கூத்தே இல்லை. எல்லாம் உண்மையான காரணங்கள்தான். செய்யாறு ஒன்றும் அமெரிக்கா இல்லை, மூன்று மணி நேரம்.

இந்த வருஷமும் கூப்பிட்டார். வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிந்து போனை வைக்கப்போகிற நேரத்தில், “இந்தவாட்டி ஜெனரேட்டர் சொல்லியாச்சு தம்பி. நீங்க தைரியமா வரலாம்” என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். முகவீணைக்காரர் மாதிரி இருந்தது.

“வர்றேன் வாத்தியாரே” என்றேன். போன வருஷமும் அப்படித்தான் சொன்னேன்.