கடைக்கோடிக் குழாய்

நகராட்சி சுகாதாரப் பிரிவு என்றதும் குப்பை வண்டியும் கொசுப் புகையும்தான் பலருக்கு நினைவு வரும். துப்புரவு ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். எங்கள் வேலைகளில் உயிர் காப்பது எது என்று கேட்டால், காலையில் தண்ணீர் விடும் நேரத்தில் போய், கிருமியைக் கொல்லும் குளோரின் குழாய்த் தண்ணீரில் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதைத்தான் சொல்வேன்.

அதைப் பார்க்க உதவும் குளோராஸ்கோப் ஒரு சின்னப் பெட்டி. கண்ணாடிக் குழலில் கோடு வரை தண்ணீர் பிடித்து, ஆர்த்தோடோலிடின் கரைசலைச் சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். உடனே பெட்டியிலுள்ள நிறத்தோடு ஒப்பிட்டுவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் நிறம் ஏறி, இல்லாத குளோரினை இருப்பதாகக் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் கேட்கிறது. கிண்டி கிங் நிலைய ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினால் கிருமி உண்டா இல்லையா என்று சரியாகவே சொல்வார்கள். ஆனால் முடிவு வரச் சில நாள் ஆகும், அதற்குள் தெருவே அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கும்.

மேல்நிலைத் தொட்டியடியில் பார்த்தால் பெரும்பாலும் நல்ல மஞ்சள் வரும். (வராவிட்டால் பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பாருங்கள். வாய் திறந்தபடி ஈரத்தில் கிடந்தால் வீரியம் போய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும்.) பார்க்க வேண்டிய இடம் அந்தத் தொட்டியிலிருந்து போகும் குழாய் லைனின் கடைசி வீடு.

ஒருமுறை அரசு மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது: ஒரே தெருவிலிருந்து அடுத்தடுத்து வாந்திபேதி. தொட்டியில் மஞ்சள், தெருமுனையிலும் மஞ்சள். கடைசி வீடுகளில் சொட்டு விட்ட தண்ணீர் நிறம் மாறாமல் அப்படியே நின்றது. அங்கே தண்ணீர் ஏறாததால் வாசலில் குழி தோண்டி, தரைக்குக் கீழே குழாயை வெட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே சாக்கடை. அது கசிந்து குழியில் தேங்கியிருந்தது. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் போய், தேங்கியதை உள்ளே இழுத்துக்கொள்ளும். லைனில் முன்னால் உள்ள வீடுகளில் குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினாலும் இதே கதைதான்.

“குழி வேண்டாம்மா” என்றேன் ஒரு வீட்டில்.

“குழி இல்லாட்டி ஒரு குடம்கூட நிறையாது தம்பி. நீங்களே பிடிச்சுப் பாருங்க” என்றார் அந்த அம்மா.

அவர் சொன்னது நியாயம். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீரில் கடைசி வீட்டுக்காரர் வேறு என்ன செய்வார்? அன்று அந்த லைனை அடைத்து லாரித் தண்ணீர் கொடுத்தோம், வீடு வீடாக உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் தந்தோம். ஃபிட்டர் குழாயை உயர்த்தி, சாக்கடையை விட்டு விலக்கிப் போட்டார். லைனைக் கழுவிவிட்டு, கடைசி வீட்டில் மஞ்சள் வந்த பிறகே தண்ணீரைக் குடிக்கச் சொன்னோம். கெட்ட நீரை நிறுத்தும் அதிகாரத்தை 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமே தருகிறது. அன்று அந்தத் தெருவுக்கு உதவியது மண்வெட்டியும் ஃபிட்டரும்தான்.

டெங்குவும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. தண்ணீர் தினம் வராததால் டிரம்மில் சேர்க்கிறார்கள், அந்த நல்ல தண்ணீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. புகை பறக்கும் கொசுவைக் கொல்லும், டிரம்மில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவினால்தான் ஒட்டியிருக்கும் முட்டை போகும். இதைச் சொல்லிக்கொண்டு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களை, பெரும்பாலும் பெண்களை, வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவது எனக்கு இன்றும் வருத்தம்தான். அவர்களில் பலர் தினக்கூலிக்காரர்கள்.

உங்கள் தெருவுக்குக் குளோரின் பார்க்க ஆள் வந்தால், சம்ப்புத் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ நீட்டாதீர்கள். நகராட்சிக் குழாயையே திறந்துவிடுங்கள். உங்கள் வீடு கடைசி வீடாக இருந்தால், வராத வாரம் நீங்களே போன் போட்டுக் கூப்பிடுங்கள்.