லீக்ஸ் இலைக்குள் இருந்த மண்

திருமணமாகி வந்த இரண்டாவது வாரத்தில் அத்தை என் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, இலங்கை மலையகத்தின் பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தைக்கு அனுப்பினார். போஞ்சி அரைக் கிலோ, கோவா ஒன்று, வற்றாளங்கிழங்கு ஒரு கிலோ, லீக்ஸ் ஒரு கட்டு என்று அதில் எழுதியிருந்தது. முழுவதும் தமிழில் இருந்த அந்தச் சீட்டில் அளவுகளைத் தவிர வேறெதுவும் எனக்குப் புரியவில்லை. பீன்ஸ்தான் இங்கே போஞ்சி என்பதும், முட்டைக்கோஸ்தான் கோவா என்பதும், சர்க்கரைவள்ளியையே வற்றாளை என்கிறார்கள் என்பதும் தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பிறந்து வளர்ந்த கோத்தகிரியில் வீட்டைச் சுற்றி விளைந்தவையும் இவையேதான். காய்கறி என்ற சொல்லே இங்கு மரக்கறியாகிவிடுகிறது. சில மாதங்கள் கழித்து இன்னொன்றும் புரிந்தது: போர்த்துக்கேயர் விட்டுப்போன கோவாவும், ஒல்லாந்தர் விட்டுப்போன போஞ்சியும் சிங்களத்திலும் ஏறக்குறைய அதே ஒலியில்தான் வழங்குகின்றன. ஆக, சந்தையில் நான் தட்டுத்தடுமாறிக் கற்ற இலங்கைத் தமிழ்ச் சொற்களில் சில, நான் அறியாமலேயே கற்ற முதல் சிங்களச் சொற்களாகவும் இருந்தன.

இந்த நாடு எனக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. என் அம்மாயி (அம்மாவின் அம்மா) பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் முடிவு செய்ததன் விளைவாக, 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார். தாயகம் திரும்பியோருக்கென்று நீலகிரியில் அரசு நடத்திய தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கூடையைத் தலையில் மாட்டினார். அவருடைய தங்கை குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது. அந்தத் தங்கை மகனுக்கு மகன்தான் என் கணவர். முறை சரியாக இருக்கிறதென்று பெரியவர்கள் விரல் விட்டு எண்ணிப் பார்த்து முடித்த திருமணம் அது. அம்மாயியைக் கோத்தகிரியில் கடைசிவரை சிலோன்காரி என்றார்கள். என்னை இங்கே இந்தியாக்காரி என்கிறார்கள். விசாவைப் புதுப்பிக்கப் பத்தரமுல்லைக்குப் போகும் நாட்களைத் தவிர, மற்ற நேரங்களில் அந்தப் பெயரை நானும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

முதல் சில ஆண்டுகள் எனக்குத் தனிமையாகத்தான் கழிந்தன. கணவர் பாடசாலைக்கும் அத்தை தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்கும் போய்விட்டால், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பகல் முழுவதும் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் மட்டுமே இருப்பார்கள். நான் செய்யக்கூடியதாக இருந்தது லயத்துக்குப் பின்னால் இருந்த மரக்கறித் தோட்டத்தில் களை பிடுங்குவதுதான். தோட்டம் என்ற சொல்லை இங்கு இரண்டு அளவில் பயன்படுத்துகிறார்கள்: கம்பெனியின் தேயிலை பரந்து கிடப்பதும் தோட்டம்தான், லயத்துச் சுவருக்கும் கான் என்கிற வடிகாலுக்கும் இடையில் கிடக்கும் நாலு பாத்தியும் தோட்டம்தான். அந்த நாலு பாத்தியில் அத்தை விளைவித்ததைப் பார்த்தால் யாரும் வியந்துபோவார்கள். ஓரமாக மரவள்ளி, அதை ஒட்டிப் போஞ்சிக்கொடி, நடுவில் கரட்டும் பீட்ரூட்டும், மாட்டுத்தொழுவத்துக் கழிவு நீர் வடியும் பள்ளத்தில் வல்லாரை, மூலையில் ஒரு மரத்தக்காளி. கோத்தகிரியில் அம்மாயி வீட்டு மூலையிலும் ஒரு மரத்தக்காளி நின்றது. மாலை நாலரைக்குக் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள், சொன்ன கிலோ எடுக்காமல் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், விழுந்த நாளிலும்கூட, சாயத்தண்ணி ஒரு கோப்பை குடித்துவிட்டு நேரே இந்தப் பாத்திகளுக்குத்தான் போவார்கள். வெளிச்சம் மங்கும்வரை மண்வெட்டிச் சத்தம் கேட்கும்.

சுற்றுவட்டாரத்தில் விளைந்ததைச் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் எங்கள் குழு தொடங்கியது 2022இல். அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்குத் திடீரென்று தடை விதிக்கப்பட்டு, நவம்பரில் அது தளர்த்தப்பட்டபோது, வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குக்காரர்கள் ஒரு போகத்தை இழந்திருந்தார்கள். அதன் பிறகு வந்த டொலர் நெருக்கடியில் எரிபொருள் வரிசை பண்டாரவளை நகரத்தையே சுற்றி வளைத்தது. கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்ற லொறி இல்லாமல் கோவா வயலிலேயே வெடித்துக் கிடந்ததை நான் நேரில் பார்த்தேன். அதே வாரங்களில், அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த எங்கள் லயங்களில் கோதுமை மா வாங்க முடியாமல் தவித்தார்கள். மலையகத்தில் காலைச் சாப்பாடு என்றால் ரொட்டியும் சம்பலும்தான். அந்த ரொட்டிக்கான மாவு முழுவதும் கடல் தாண்டி வரும் கோதுமை. சில மாதங்களுக்குள் அதன் விலை பல மடங்கு ஏறியது. கிராமத்தில் மரக்கறி அழுகுவதும் தோட்டத்தில் அடுப்பு எரியாமல் இருப்பதும் ஒரே சமயத்தில் நடப்பது பைத்தியக்காரத்தனம் என்று என் கணவரும், பக்கத்துத் தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை ஒருவரும், கோயில் பூசகரும் பேசிக்கொண்டதில் தொடங்கியதுதான் எல்லாம். தோளில் சுமந்து வரக்கூடியதைச் சுமந்து வந்து, அம்மன் கோயில் மடத்தில் ஒரு போயா நாளில், அதாவது பௌர்ணமியன்று, சமைத்தோம். போயா விடுமுறை என்பதால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். அன்று இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும் என்பதால் மரக்கறிச் சாப்பாடு யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. நெருக்கடி தணிந்த பிறகும் அந்தச் சாப்பாடு நிற்கவில்லை. குழுவுக்கு இன்றுவரை பெயர் இல்லை, தலைவர் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. போயாச் சாப்பாடு என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.

விதி ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தோம்: பாத்திரத்தில் விழுவது எதுவானாலும் ஒரு மணி நேர நடைதூரத்துக்குள் விளைந்திருக்க வேண்டும், அதை விளைவித்தவர் சாப்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். இந்த விதி முதல் மாதமே தேங்காயில் வந்து முட்டியது. நாலாயிரம் அடி உயரத்தில் தென்னை காய்ப்பதில்லை. தேங்காய் இல்லாமல் சம்பல் இல்லை, சொதி இல்லை, இந்த நாட்டில் பாதிச் சமையலே இல்லை. பசும்பாலில் சொதி வைத்துப் பார்ப்போம் என்று ஆசிரியை சொன்னதற்கு மடப்பள்ளியில் எழுந்த சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆனது. பொழுது போகாத நாட்களில் இந்த விவாதம் இன்னமும் தலைதூக்கும். இறுதியில் தேங்காய், உப்பு, மாசிக்கருவாடு மூன்றும் விருந்தாளிகள், அவற்றிடம் எந்த ஊர் என்று கேட்கக் கூடாது என்று பூசகர் தீர்த்து வைத்தார். போயா நாளில், அதுவும் அம்மன் சந்நிதியில், மாசிக்கருவாட்டுக்கு அவர் அனுமதி கொடுத்தது எப்படி என்பதை நான் இன்றுவரை கேட்கவில்லை.

அந்த முதல் சாப்பாட்டில் லீக்ஸ் சமைக்கும் பொறுப்பை நானாகவே வாங்கிக்கொண்டேன். நீலகிரியில் எங்கள் வீட்டில் லீக்ஸ் சமைத்ததில்லை. பார்வைக்குத் தடித்த வெங்காயத்தாள் போல இருந்ததால், அதைப்போலவே மேலாகக் கழுவி, வட்டம் வட்டமாக நறுக்கி, மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கித் தேங்காய்ப்பூ தூவி இறக்கினேன். இங்கே அதற்குப் பெயர் சுண்டல். சுண்டல் என்றால் கொண்டைக்கடலை என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அதுவும் ஒரு பாடம். நல்ல மணம் வந்தது. முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஒரு வாய் வைத்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பல்லுக்கிடையில் மண் நறநறவென்று அரைபட்டது. இரண்டு வாளி நிறையச் செய்திருந்த சுண்டல் அப்படியே மாட்டுத் தொட்டிக்குப் போனது.

அந்த லீக்ஸை விளைவித்த பெண்மணி ஒரு சொல்லும் சொல்லாமல் என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்த் தன் பாத்தியைக் காட்டினார். நாற்றைப் பள்ளமான சாலில் நட்டு, அது உயர உயர இரண்டு பக்கமிருந்தும் மண்ணை இழுத்து அணைத்துக்கொண்டே வர வேண்டும். வெயில் படாமல் மண்ணுக்குள் மூடிக்கிடக்கும் பகுதிதான் வெள்ளைத் தண்டாகிறது, விலை கிடைப்பதும் அந்த வெள்ளைக்குத்தான். ஆனால் ஒவ்வொரு முறை மண் அணைக்கும்போதும், அதன் மேல் மழை பெய்யும்போதும், இலைகள் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டிருக்கும் மடிப்புக்குள் மண் இறங்கிவிடுகிறது. அவர் ஒரு தண்டைப் பிடுங்கி, வேரை நறுக்கி, மேல் தோல் ஒன்றை உரித்து எறிந்து, கத்தி நுனியால் நடுவில் நீளவாக்கில் கீறி, ஓடும் பீலித் தண்ணீரில் தலைகீழாகப் பிடித்து விசிறி போல விரித்தார். செம்மண் கோடு கோடாகக் கரைந்து ஓடியது. "அதப் பக்கவாட்டுல கழுவுனா போகாது புள்ள, தொறந்து கழுவணும்" என்று மட்டும் சொன்னார். இந்த நாட்டில் எனக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தவர்கள் பலர். சமையலறைக்கு வருமுன் ஒரு செடி என்னென்ன பட்டு வருகிறது என்பதைக் காட்டியவர் அவர்தான்.

பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சிங்கள விவசாயி இரண்டாம் மாதம் முதல் வருகிறார். எல்லோரும் அவரை மாத்தயா (சிங்களத்தில் 'ஐயா') என்றே அழைக்கிறார்கள். பெரும்போகத்தில் நெல்லும், அதை அறுத்த பின் அதே வயலில் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் போடுவது வெலிமடைப் பள்ளத்தாக்கின் பழைய வழக்கம். அவரும் அப்படித்தான் செய்கிறார். தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். காலையில் விகாரைக்குப் போய்விட்டு, வெள்ளை உடையிலேயே ஒரு சாக்குக் கிழங்கைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்துவிடுவார். ஒரு முறை கொஞ்சம் குரக்கன் மா கொண்டுவந்தார். குரக்கன் என்றால் எங்கள் கேழ்வரகு. இங்கே அதை ரொட்டியாகத் தட்டுகிறார்கள். நான் அம்மாயி செய்வதுபோல் களி கிண்டி, கத்தரிக்காய்க் குழம்போடு வைத்தேன். இளையவர்கள் தொட்டுப் பார்த்ததோடு சரி. எழுபதைத் தாண்டிய இரண்டு பாட்டிகள் மட்டும் உருட்டி உருட்டி விழுங்கிவிட்டு, தங்கள் அம்மா காலத்தில் சாப்பிட்டது என்றார்கள். அவர்களிடம் அம்மாயியின் பெயரைச் சொல்லி விசாரிக்க வேண்டுமென்று நினைத்தேன். அதற்குள் பந்தி எழுந்துவிட்டது.

யார் என்ன கொண்டுவந்தார்கள் என்பதை எழுதி வைக்கும் வேலை எனக்கு வந்தது. ஒற்றைக் கோடு போட்ட அப்பியாசக் கொப்பியில் பெயர், தொழில், பயிர், அளவு என்று நாலு பத்தி அடித்தேன். தொழில் என்ற பத்தியில் எல்லோரும் 'கொழுந்து' என்றே சொன்னார்கள். எனக்கு லீக்ஸ் கழுவக் கற்றுக்கொடுத்தவரிடம் விவசாயி என்று எழுதட்டுமா என்று கேட்டபோது, "வெவசாயின்னா காணி இருக்கணுமே" என்று சிரித்தார். மாத்தயாவின் பெயருக்கு எதிரே விவசாயி என்று எழுதும்போது யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

அந்தப் பெண்மணி சொன்னதில் தவறில்லை. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது. கை மாறிய இரண்டு முறையும் லயத்துப் பாத்தி யாருடையது என்ற கேள்வியை எவரும் கேட்கவில்லை. அண்மைக் காலத்தில் தனி வீடு கிடைத்தவர்களுக்கு ஏழு பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடிக் காணி கிடைத்திருக்கிறது. அதில் வீடு போக மிஞ்சுவது கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் சரியாக இருக்கும். உரத்துக்கோ கடனுக்கோ போய் நின்று, காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டு என்றால் காட்டுவதற்கு இவர்களிடம் எதுவுமில்லை. எழுபது ஆண்டுகளாக ஒரு குடும்பம் சாணமும் சாம்பலும் போட்டுக் கருப்பாக்கிய மண்ணை, தேயிலை மறுநடுகை என்று சொல்லி ஒரே நாளில் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் மேல் லயத்தில் அப்படி ஒரு வரிசைப் பாத்தி போனது. விவசாயம் செய்துகொண்டே தன்னை விவசாயி இல்லை என்று சொல்லும் மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உள்ளூர் உணவைக் கொண்டாடுவது என்றால் நெய்யொழுகும் பலகாரங்களை அடுக்கிப் படம் எடுப்பது என்று நினைப்பவர்களோடு எனக்குச் சண்டை வருவது இதனால்தான்.

அதனால் சென்ற ஆண்டு ஒரு சிறு மாற்றம் செய்தோம். சாப்பாடு பரிமாறுவதற்கு முன், ஒவ்வொரு பாத்திரத்தையும் திறக்கும்போது அதை விளைவித்தவர் எழுந்து, எந்தப் பாத்தி, எப்போது நட்டது, எந்த மழை கெடுத்தது, விதை எங்கிருந்து வந்தது என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். முதலில் கூச்சம் பலமாக இருந்தது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒருவரை ஒருவர் இடித்தார்கள். இப்போது அவர்களை உட்கார வைப்பதுதான் கடினமாக இருக்கிறது. போஞ்சி விதையை மூன்று தலைமுறையாகச் சாம்பலில் புரட்டிப் போத்தலில் வைத்திருக்கும் ஒருவர், கச்சான் காற்றடிக்கும் ஆடியில் கொடியை எப்படிக் காப்பது என்பதைச் சொல்லத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். அந்த விதையில் ஒரு கைப்பிடி மாத்தயாவின் வயலுக்கும் போயிருக்கிறது.

கொப்பியில் தொழில் என்ற பத்தியை நான் எடுத்துவிடவில்லை. ஒவ்வொரு போயாவும் புதிதாகக் கேட்டு எழுதுகிறேன். போன மாதம் வந்த இருபத்தாறு பேரில் ஒன்பது பேர் விவசாயி என்று எழுதச் சொன்னார்கள். இரண்டு பேர் 'கொழுந்தும் விவசாயமும்' என்றார்கள். லீக்ஸ் பெண்மணி இன்னமும் கொழுந்து என்றே சொல்கிறார், நானும் அப்படியே எழுதுகிறேன். என் பெயருக்கு எதிரே என்ன எழுதுவதென்று அத்தை கேட்டார். அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. கார்த்திகை மழைக்கு முன் நட்ட என் முதல் லீக்ஸ் சாலுக்கு இன்னும் இரண்டு முறை மண் அணைக்க வேண்டும்.