வக்காலத்தை விட்டுக்கொடுத்த கையெழுத்து

குடும்ப நல நீதிமன்றத்தில் வாய்தா வாங்கியே பழகியவள் நான். கட்சிக்காரர் எதிரில் உட்கார்ந்து அழும்போதே, இதில் எது மனுவில் பாராவாகும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். வெட்கமான விஷயம்தான், ஆனால் தொழில் அப்படி.

கோர்ட்டில் மோதாமல் இரு தரப்பும் தங்கள் வக்கீல்களோடு உட்கார்ந்து பேசித் தீர்க்கும் முறைக்கு கொலாபரேட்டிவ் லா என்று பெயர். அதன் ஒப்பந்தத்தில் முதல்முறை கையெழுத்துப் போட்டபோது என் ஜூனியர் கேட்டாள்: "கேஸ் கோர்ட்டுக்குப் போனா நாம விலகிடணும்னு போட்டிருக்கே மேடம், ஃபீஸ்?" அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. கணவன், மனைவி, இரண்டு வக்கீல்கள் என நான்கு பேரும் கையெழுத்திடுகிறோம். பேச்சு முறிந்து யாராவது வழக்குப் போட்டால் இரண்டு வக்கீல்களுமே அதில் ஆஜராக முடியாது. 1990ல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸில் ஸ்டூவர்ட் வெப் என்ற குடும்ப வழக்கறிஞர் தொடங்கிவைத்த முறை இது. நம் ஊரில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. அந்த ஒப்பந்தம்தான் எல்லாம்.

சென்னை உயர் நீதிமன்ற சமரச மையம் 2005லேயே வந்துவிட்டது. அங்கே நடுவில் ஒருவர் இருப்பார். பேச்சு நடக்கும்போதே என் பையில் கவுண்டர், அதாவது கோர்ட்டுக்கான எதிர்மனு, தயாராக இருக்கும். இங்கே நடுவரும் இல்லை, கவுண்டரும் இல்லை.

ஒரு தம்பதி (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). சம்பளச் சீட்டு, பாஸ்புக், நகைக் கடன் ரசீது எல்லாம் இரண்டாவது சந்திப்பிலேயே மேஜைக்கு வந்துவிட்டன. பணம் சீக்கிரம் முடிந்தது. மாட்டிக்கொண்டது, பொங்கலுக்கு மகன் யாரிடம் இருப்பது என்பதில்.

"மாட்டுப்பொங்கலன்னைக்கு அவன் எங்க ஊர்ல இருக்கணும்" என்றார் கணவர். வழக்கமான நானாக இருந்தால் 'ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்' என்று எழுதி முடித்திருப்பேன். எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஏன் சார் அந்த நாள்?" என்றார்.

"கன்னுக்குட்டிக்கு அவன்தான் பேரு வெச்சான்."

அந்தம்மா ரொம்ப நேரம் தண்ணீர் டம்ளரையே சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, "பொங்கல் என்கிட்ட. மறுநாள் காலைல எட்டு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போங்க. கரும்பையும் எடுத்துக்கட்டும்" என்றார்.

எல்லாம் இப்படி முடியாது. இன்னொரு விவகாரம் ஐந்தாவது சந்திப்பில் உடைந்தது. கேஸ் கட்டைப் புது வக்கீலிடம் ஒப்படைத்த அன்று, "நீங்களும் விட்டுட்டீங்களே" என்றார் என் கட்சிக்காரர். அவருக்கு மறுபடி முதலிலிருந்து செலவு. பதில் சொல்ல முடியவில்லை. அடி உதை இருக்கும் வீட்டுக்கு இந்த வழியை நான் சொல்வதே இல்லை. பயந்துகொண்டிருப்பவரை மேஜையில் உட்கார வைத்துப் பேரம் பேசச் சொல்வது அநியாயம். அவர்கள் நேராக மாஜிஸ்திரேட்டிடம் போகட்டும்.

ஒத்துக்கொண்டாலும் விவாகரத்தைக் கோர்ட்தான் தரவேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு. அதை நாங்களே தாக்கல் செய்யலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017ல் சொன்னது பெரிய உதவி. அந்தத் தம்பதியின் மனுவை டைப் செய்துகொண்டிருந்த ஜூனியர், பொங்கல் ஷரத்துக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"கன்னுக்குட்டியையும் சேர்க்கணுமா மேடம்?"