குவென்த்தா: பில்லா, கணக்கா, கதையா?

ஸ்பானிய மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வுக்குத் தயாரானபோது என்னை அதிகம் படுத்தியது இலக்கணத்தின் பெரிய பூதங்கள் எதுவும் இல்லை. முதல் வாரத்திலேயே படித்து முடித்துவிட்டதாக நினைத்த ஒரு சின்னச் சொல்தான்: குவென்த்தா. சாப்பிட்டு முடித்ததும் 'லா குவென்த்தா, போர் ஃபவோர்' என்றால் பில் வரும். அவ்வளவுதானே என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அதற்கான விலையைப் பல மாதம் கழித்துக் கொடுத்தேன்.

நான் எழுதியது தெலே, செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் தேர்வு. பி1 நிலையில் வாசிப்பு 70 நிமிடம், கேட்டல் 40, எழுத்து 60, பேச்சு 15. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 50 மதிப்பெண், கேட்டலும் பேச்சும் சேர்ந்து இன்னொரு 50. ஒவ்வொரு பாதியிலும் 30 எடுத்தாக வேண்டும், ஒன்றில் மிஞ்சியதைத் தூக்கி மற்றொன்றில் போட முடியாது. எனக்கு வாசிப்பு சுலபம், கேட்டல் கண்டம். அதனால்தான் மாதிரித் தேர்வில் நடந்த அந்தக் கூத்து என்னை அவ்வளவு உலுக்கியது.

ஒலிப்பதிவில் ஒரு பெண் ஏதோ பயணக் கதை சொல்கிறாள், நடுவில் சிரித்துக்கொண்டே 'மி எர்மானோ லா குவென்த்தா மெஹோர்' என்கிறாள். எனக்குக் கேட்டது 'என் அண்ணன்', 'பில்'. உடனே அண்ணன்தான் பணம் கட்டினான் என்ற விடையைக் குறித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னதோ 'என் அண்ணன் இந்தக் கதையை இன்னும் நன்றாகச் சொல்வான்' என்று! அங்கே பில்லும் இல்லை, ஓட்டலும் இல்லை.

சரி, எங்கே சறுக்கினேன்? கொன்த்தார் என்ற வினைக்கு எண்ணுதல், கதை சொல்லுதல் என்று இரண்டு பொருள். 'அவன் சொல்கிறான்', 'அவள் எண்ணுகிறாள்' எல்லாமே குவென்த்தாதான். 'சொல்லு' என்று ஏவினாலும் அதே குவென்த்தா. பெயர்ச்சொல்லாக வந்தால் பில், வங்கிக் கணக்கு, மாலையில் கோத்த மணிகூட. இதைப் பிரிக்க எல்லோரும் சொல்லித்தரும் வழி, முன்னால் 'லா' இருந்தால் பெயர்ச்சொல் என்பது. பத்தில் ஒன்பது முறை அது சரியாக வரும், பத்தாவது முறை காலை வாரிவிடும். ஏனென்றால் 'லா' என்பதற்கு 'அதை' என்ற பொருளும் உண்டு. கதைக்கான 'இஸ்தோரியா' பெண்பால் என்பதால் அதைச் சுட்ட 'லா' வந்து வினைக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறது. கடைசியில் 'பில்'லும் 'அதைச் சொல்கிறான்' என்பதும் எழுத்திலும் ஒன்று, ஒலியிலும் ஒன்று.

நமக்கு இது புதிய விஷயமே இல்லை. 'படியில் உட்கார்ந்து படி' என்றால் எந்தக் குழந்தையும் குழம்பாது, கூரை ஓட்டையும் ஓடு என்ற கட்டளையையும் யாரும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்லை. ஆனால் நாம் பார்த்துப் பழகியது சொல்லின் வாலை, வேற்றுமை உருபு ஒட்டியிருக்கிறதா என்று. வினை வாக்கியக் கடைசியில் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கிறது. ஸ்பானியத்தில் இரண்டுமே உதவாது, வினை பாட்டுக்கு நடுவில் நிற்கும். நான் கண்டுபிடித்த ஒரே உருப்படியான சோதனை இது: இந்தச் சொல்லைத் தவிர வாக்கியத்தில் வேறு வினை இருக்கிறதா? 'லா குவென்த்தா எஸ்தா மால்' என்றால் 'எஸ்தா' வினை, ஆகவே தப்பாக இருப்பது பில். 'மி எர்மானோ லா குவென்த்தா மெஹோர்' வாக்கியத்தில் வேறு வினையே கிடையாது, அப்போது குவென்த்தாதான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

வினை வடிவங்களை மனப்பாடம் செய்யும்போது அழுத்தம் எங்கே விழுகிறது என்பதையும் கேளுங்கள். முதல் அசையில் அழுத்தம் விழுந்தால் 'கொ' என்பது 'குவெ' ஆகும்: குவென்த்தோ (சொல்கிறேன்), குவென்த்தா. அழுத்தம் பின்னால் நகர்ந்தால் பழையபடி கொன்த்தாமோஸ் (சொல்கிறோம்), கொன்த்தோ (சொன்னான்). இது தெரிந்தபின் பட்டியலை உருப்போடும் வேலை பாதியானது.

அப்புறம் மரபுத்தொடர்கள். இவற்றை மட்டும் பிரித்துப் பொருள் தேடாமல் முழுதாக விழுங்குவதே நல்லது. 'தார்சே குவென்த்தா' என்றால் உணர்வது, உறைப்பது. ஆங்கிலப் பழக்கத்தில் இதற்கு 'ரெயாலிசார்' போட்டுவிடாதீர்கள், அது செய்துமுடிப்பது என்ற வேறு வினை. எழுதும்போது 'மே தி குவென்த்தா தே கே' என்று நடுவில் வரும் 'தே'யை நான் விடாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன், திருத்தியவர் சிவப்பு மையில் வட்டம் போட்டே களைத்திருப்பார். 'தெனேர் என் குவென்த்தா' கணக்கில் எடுத்துக்கொள்வது, அப்படியே நம் தமிழ்தான். 'குவென்த்தா கொன்மிகோ' என்றால் என்னை நம்பலாம், நான் இருக்கிறேன். வாசிப்பில் வேலை விளம்பரம் வந்து, அதில் 'போர் குவென்த்தா ப்ரோப்பியா' என்று இருந்தால் சொந்தமாகத் தொழில் செய்வது, வங்கியைத் தேடி அலையாதீர்கள்.

இதற்கென ஒரு நோட்டுப் போட்டேன், ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். சொல்லைத் தனியாக எழுதவே மாட்டேன், வாக்கியமாகத்தான் எழுதுவேன், எழுதியதைக் கைப்பேசியில் பதிவுசெய்து மறுநாள் பார்க்காமல் கேட்பேன். என் குரலை நானே கேட்பது கொடுமைதான். குவென்த்தாவுக்கு அடுத்த பக்கத்தில் வீனோ இருக்கிறது. 'எல் வீனோ' என்றால் ஒயின், 'எல்' மேல் ஒரு கோடு போட்டால் 'அவன் வந்தான்'. அந்தக் கோடு காதுக்குக் கேட்காது.