தீர்ந்துபோச்சு என்றால் என்ன?

புதன்கிழமை காலை பற்பசைக் குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். முந்தின நாள் இரவே அது தீர்ந்துவிட்டதாக மகள் அறிவித்திருந்தாள். "தீர்ந்துபோச்சும்மா, புதுசு எடு." புதுசு இல்லை. வாங்கவும் வழியில்லை. ஒரு வாரம் காசே செலவழிப்பதில்லை, வீட்டில் இருப்பதை வைத்தே ஓட்டுவது என்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன். வெட்டிப் பார்த்தால் மூடிக்குக் கீழே, குழாய் தோள்பட்டைபோல வளையும் இடத்தில், வெள்ளையாக அப்பிக் கிடந்தது. மூன்று பேருக்கும் ஞாயிறு காலை வரை வந்தது.

அப்போதுதான் அந்த வார்த்தைமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டில் தீர்ந்துபோச்சு என்றால் ஒன்றுமே இல்லை என்று பொருளல்ல. அழுத்தியவுடன் வரவில்லை என்று பொருள். டப்பாவின் அடிக்குக் கரண்டி எட்டவில்லை என்று பொருள். பல சமயம், கண்ணுக்கு நேரே இல்லை, அவ்வளவுதான்.

இந்த வாரத்துக்கே காரணம் அப்படியொரு விஷயம்தான். ஏதோ பார்சல் ஒட்ட டேப் தேடினேன். ஒரு இழுப்பறையில் ஒன்று, அலமாரியின் மேல்தட்டில் ஒன்று, தையல் பெட்டிக்குள் ஒன்று. மூன்றும் ஒரே அகலம், மூன்றும் பிரித்தவை. ஒவ்வொன்றையும் "வீட்டில் டேப் இல்லை" என்று சொல்லித்தான் வாங்கியிருக்கிறோம். மூன்றையும் ஒன்றாக ஓர் இடத்தில் பத்திரமாக வைத்தேன். வைத்த கையோடு, ஒரு வாரம் எதுவும் வாங்காமல் இருந்து பார்த்தால் என்ன என்று கேட்டுவிட்டேன். "ஒரு வாரம்தானே, இருந்துட்டாப் போச்சு" என்றார் கணவர். அந்தக் குரலில் நம்பிக்கையைவிட வேடிக்கை பார்க்கும் ஆசைதான் அதிகம் இருந்தது.

விதிகள் கொஞ்சம்தான். மருந்து, போக்குவரத்து, மாதாமாதம் தானாகப் போகும் கட்டணங்கள், இவை கணக்கில் வராது. மற்ற எல்லாம் வரும். தொடங்குமுன்பே கிட்டத்தட்ட ஏமாற்றப் பார்த்தேன். திங்கள் தொடங்கவேண்டிய விஷயத்துக்கு ஞாயிறு மாலையே பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டேன், "ஒரு வாரத்துக்கு வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்ள". செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது. பையை மாட்டிவிட்டு, அதற்குப் பதிலாக அலமாரியிலிருந்த எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பினேன்.

பாதி பாதியாக நான்கு பருப்புப் பொட்டலங்கள். எப்போது வாங்கியது என்று யாருக்கும் தெரியாத கொண்டைக்கடலை. உறைந்துபோன தேன். ஒரு காலத்தில் நான் தினமும் சாப்பிடப் போகிறேன் என்று நம்பிய ஓட்ஸ். பயணங்களில் கொண்டுவந்த குட்டி ஷாம்பு பாட்டில்கள் பதினொன்று. மெழுகுவத்தி எண்ணவில்லை. ஃபிரிட்ஜுக்குள் வாடத் தொடங்கிய கீரை, தக்காளி, முட்டை, பால், முளைவிட்ட உருளைக்கிழங்கு. சாப்பாட்டுக்கு எந்தப் பஞ்சமும் வராது என்பது அந்தத் தரையைப் பார்த்தாலே தெரிந்தது.

எதை முதலில் தீர்ப்பது என்பதில்தான் கொஞ்சம் மூளை வேண்டியிருந்தது. முதல் இரண்டு நாள் கீரையும் தக்காளியும், நடுவில் கிழங்கு வகை, கடைசி நாட்களுக்குப் பருப்பு, அரிசி என்று வைத்துக்கொண்டேன். பால் மட்டும் வியாழன் மாலை உண்மையிலேயே தீர்ந்தது. மீதி நாட்களுக்குப் பாலில்லாத தேநீர். அதைப் பற்றி இங்கே எழுதும் அளவுக்கு நல்லதாக ஒன்றும் இல்லை.

உறைந்த தேனை "கெட்டுப்போச்சு" என்று தூக்கிப்போட இருந்தார் அவர். தேனில் இருக்கும் குளுக்கோஸ்தான் அப்படிப் படிகமாகப் பிரிகிறது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் இளகிவிடும். இளகியது. ஓட்ஸ் பெட்டியில் போட்டிருந்த தேதி இரண்டு மாதம் முன்பே கடந்துவிட்டது. எங்கள் வீட்டில் அவருக்கு அச்சிட்ட தேதி என்றால் தீர்ப்பு மாதிரி. ‘இந்தத் தேதிக்கு முன் சிறந்தது’ என்பது சுவையும் மொறுமொறுப்பும் பற்றிய பேச்சு. ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பதுதான் உடம்புக்கு ஆகாது என்கிற எச்சரிக்கை. இரண்டும் வேறு வேறு என்று இந்த வாரம் நான் சொன்னது பத்துத் தடவையாவது இருக்கும். ஓட்ஸை முகர்ந்தேன், சிக்கு வாடை இல்லை, பொரிக்கிற மாவோடு சேர்த்துப் பிசைந்துவிட்டேன். அவர் இரண்டாவதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் உள்ளே என்ன என்று சொன்னேன்.

முட்டைக்குத் தண்ணீர்ச் சோதனை. அடியில் படுத்தால் புதுசு, நிமிர்ந்து நின்றால் பழசாகிக்கொண்டிருக்கிறது, மிதந்தால் வேண்டாம். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியாக உள்ளிருக்கும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போக, காற்றறை பெரிதாகிறது. ஆறில் ஒன்று மிதந்தது.

ஆனால் இந்த வாரத்தின் வில்லன் கொண்டைக்கடலை. இரவு முழுக்க ஊறவைத்து, குக்கரில் வழக்கமான நேரத்துக்கு வைத்தேன். திறந்தால் கல். இன்னொரு முறை வைத்தேன். கொஞ்சம் சூடான கல். அம்மாவுக்குப் போன் போட்டேன். "எத்தனை நாள் ஆச்சு வாங்கி?" என்றாள். தெரியாது என்றேன். "அப்போ அது உன் தப்பு, கடலையோட தப்பு இல்ல. அடுத்த தடவை ஊறவைக்கும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா போடு."

கடலை மட்டுமில்லை, எந்தப் பயறும் சூடும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்தால் இப்படி ஆகும். செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் அப்புறம் லேசில் கரைவதில்லை. எவ்வளவு கொதித்தாலும் தனித்தனியாகப் பிரியாது. சோடாவின் காரத்தன்மை அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. எங்கள் சோடாவுக்கும் என்ன வயது என்று தெரியாததால் அதன்மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பார்த்தேன். நுரைத்துப் பொங்கியது, உயிரோடுதான் இருக்கிறது. மீதிக் கடலையைச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்தபோது விரலால் நசுக்கும் பதத்துக்கு வெந்தது. முதலில் தோற்ற கடலையை அரைத்து, உருளைக்கிழங்கு சேர்த்து, தட்டையாகத் தட்டிப் பொரித்தேன். நறநறவென்று இருந்தது; மகள் அதையே நன்றாக இருப்பதாகச் சொன்னாள். குழந்தைகளின் நாக்கை நம்பி எதுவும் முடிவுசெய்யக்கூடாது.

அரிசி டப்பாவின் அடிக்கு வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தோம். வண்டு. எப்போதும் மேலேயே புது அரிசியைக் கொட்டிக்கொண்டே வந்ததில் அடியிலிருந்த அரிசிக்கு வெளிச்சமே கிடைக்கவில்லை. இந்த வண்டு அரிசிமணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையையும் அடைத்துவிடும். அதனால் சலித்து எடுத்தால் நடமாடுவதுதான் போகும், உள்ளே இருப்பது இருக்கும். சலித்த அரிசியை மூடிய பையில் போட்டு ஃபிரீசரில் சில நாள் வைத்தேன். இனிமேல் டப்பாவைக் காலிசெய்து, புதியதை அடியில் கொட்டி, பழையதை அதன்மேல் போடவேண்டும் என்று எழுதி மூடிமேல் ஒட்டியிருக்கிறேன்.

அந்த இரவு கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட உணவு விரய அறிக்கையை முன்பு படித்தபோது, அது யாரோ பெரிய விடுதிகளைப் பற்றிய சமாசாரம் என்று நினைத்திருந்தேன். திரும்ப எடுத்துப் பார்த்தேன். 2022-இல் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் விடுதியிலோ கடையிலோ அல்ல, வீடுகளில். ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ, தோலும் கொட்டையும் எலும்பும் சேர்த்த கணக்கு அது. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு 237 கிலோ. சரி, நாங்கள் சராசரியைவிட நல்லவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் அந்த வண்டு அரிசி என்னைப் பார்த்துச் சிரித்தது.

எல்லாவற்றையும் தீர்த்தே ஆகவேண்டும் என்ற வெறியும் ஆபத்துதான். உருளைக்கிழங்கில் முளையைத் தோண்டி எடுத்துவிட்டுச் சமைத்தேன். பச்சை நிறம் ஏறியிருந்த இரண்டை, மனசு கேட்காவிட்டாலும், குப்பையில் போட்டேன். பச்சை ஏறுவது வெளிச்சம் பட்டதால்தான், ஆனால் அதோடு சேர்ந்து சொலனின் என்ற நச்சும் ஏறியிருக்கும், கொதிக்கவைத்தாலும் போகாது. மதியம் முழுக்க மேடையிலேயே மறந்துபோன சோற்றையும் அப்படித்தான் போட்டேன். சுடவைத்தால் சரியாகிவிடும் என்பது சோற்று விஷயத்தில் பொய். அதில் வளரும் ஒரு பாக்டீரியா விடும் நச்சு சூட்டுக்கு அசையாது. தேதி முடிந்த மாத்திரைகள் ஒரு கவர் நிறைய இருந்தன. அவற்றை ‘தீர்க்கும்’ யோசனை யாருக்கும் வரவில்லை, நல்லவேளை.

சனிக்கிழமைதான் பெரிய பயம். கழிவறையில் இரண்டு பாட்டில்கள், இரண்டிலும் அடியில் இரண்டு விரல் அளவு. ஒன்று பிளீச், மற்றது உப்புக்கறை நீக்கும் அமிலம். "ரெண்டையும் ஒண்ணாக்கிடலாமா, இடம் மிச்சமாகும்" என்று அவர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "நிறுத்துங்க!" என்று நான் கத்திய கத்தலில் மகள் ஓடிவந்துவிட்டாள். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; அந்தச் சின்ன அறையில் கேட்கவே வேண்டாம். ஒன்றை அன்றைக்குத் தீர்த்து, நன்றாகக் கழுவிவிட்டு, மற்றதை இன்னொரு நாள் என்று முடிவானது.

நான் தோற்றது வெள்ளிக்கிழமை. அலுவலகத்தில் ஒரு நீண்ட கூட்டம். ஒன்றுக்கும் உதவாத கூட்டம். வெளியே வந்து கேன்டீனில் காப்பி வாங்கி, பாதி குடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆசைப்பட்டு வாங்கவில்லை. கோபம் வந்தது, கால் நடந்தது, போனைக் காட்டினேன், கோப்பை கைக்கு வந்தது. நடுவில் நான் எங்கேயும் இல்லை. வீட்டில் ஒத்துக்கொண்டேன். மகள் மிகுந்த திருப்தியோடு காலண்டரில் அந்த நாளின்மேல் பெருக்கல் குறி போட்டாள்.

வாங்கத் தோன்றியதையெல்லாம் ஃபிரிட்ஜ் கதவிலிருந்த தாளில் எழுதிக்கொண்டே வந்தோம். ஞாயிறு இரவு எண்ணினால் 23. அவருடைய போன் உறை, என்னுடைய இன்னொரு கண்ணாடி ஜாடி, மகளின் மினுமினுப்புப் பேனா. எட்டாம் நாள் கடைக்குப் போகுமுன் ஒவ்வொன்றாகப் படித்தோம். சிலவற்றை ஏன் எழுதினோம் என்று எழுதியவருக்கே தெரியவில்லை. 14 அடிபட்டன. மீதி ஒன்பதில் பாலும் பற்பசையும் வெங்காயமும் அடக்கம். ஆக, பெரிதாக எதையோ மிச்சம்பிடித்ததாகச் சொல்லமுடியாது. பாதிச் செலவு ஒரு வாரம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். அந்த 14 மட்டும் திரும்ப வரவில்லை. மினுமினுப்புப் பேனா வந்துவிட்டது, அதற்குத் தனி அரசியல்.

இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. தீர்ந்துபோச்சு என்று சொல்பவர் அந்தப் பொருளைக் கையோடு கொண்டுவந்து காட்டவேண்டும். ஷாம்பு பாட்டில் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் தலைகீழாக நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். சோப்புத் துண்டுகளை ஈரத்தோடு சேர்த்து அமுக்கி ஓர் உருண்டை செய்தேன். அதைத் தொட அவர் மறுக்கிறார், நான் மட்டும்தான் கரைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மாலை அவர் கையில் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து, "டேப் எங்கே?" என்றார்.

"மூணு இருக்கு" என்றேன்.

"எங்கே?"

பத்திரமாக ஓர் இடத்தில் வைத்தேன். ஒரே இடத்தில். இழுப்பறையைப் பார்த்தேன், மேல்தட்டைப் பார்த்தேன், தையல் பெட்டியையும் பார்த்தேன்.

"ஒண்ணு வாங்கிட்டு வந்துடவா?" என்றார், முகத்தை மிகவும் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"பொறுங்க, தேடிக்கிட்டுத்தானே இருக்கேன்."